முதல் ஐஸ் யாருடையது

2018 அக்டோபர் 9, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். வானம் மூடியிருந்தது, மழை இல்லை, காற்றும் இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தின் ஓரத்தில், புதிதாகக் கட்டிய ஐஸ் ஆலையின் வாசலில், சட்டைப் பையில் ஒரு சாக்பீஸ் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். உள்ளே இருக்கும் இயந்திரங்கள் உண்மையில் இருக்கின்றனவா, என்று வந்தன, என்ன விலை, இவற்றைப் பார்த்து எழுதுவதுதான் என் வேலை. நான் எழுதுவதைப் பொறுத்து அந்த ஆலைக்கு இருபது லட்சம் ரூபாய் அரசு மானியம் வரும், அல்லது ஒரு பைசாவும் வராது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. போன மாதம் ஒரு கையெழுத்துக்காகச் செங்கல்பட்டில் எங்கள் பழைய அலுவலகத்துக்குப் போனேன். அங்கே நாற்காலி எல்லாம் மாறிவிட்டது. ஒன்றிலும் முதுகு சாயவில்லை. நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கும் பெண், கணினியில் ஒரு படத்தைக் காட்டினார். தொழிற்சாலைக்காரரே இயந்திரத்தைப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார். எடுத்த இடமும் நேரமும் படத்திலேயே பதிந்திருக்கின்றன. "நீங்க எல்லாம் எப்படி சார் பார்த்தீங்க? ஊழியர் சங்க மலருக்கு எழுதிக் குடுங்களேன்" என்றார். "தொட்டுப் பார்த்தோம்" என்றேன். சிரித்துவிட்டார். தொட்டுப் பார்த்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

1986இல் தேர்வு எழுதி வேலைக்கு வந்தேன். ஆறு மாதம் பயிற்சி. அதில் நான்கு மாதம் பழைய கோப்புகளுக்கு நூல் கட்டினேன், இரண்டு மாதம் மற்றவர்களுக்கு டீ சொன்னேன். வேலையைக் கற்றுக்கொடுத்தவர் பயிற்சிக்கு இருபது ஆண்டு கழித்து வந்தார்.

அவர் பெயர் தணிகாசலம். என்னைவிட மூன்று வயது மூத்தவர். 2006இல் எங்களுக்கு மேலாளராக வந்தார். இடையில் வேலூருக்குப் போய்த் திரும்பி வந்தார். கோப்பை உட்கார்ந்து படிக்க மாட்டார். ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் படிப்பார். கேட்டதற்கு, "உட்கார்ந்து படிச்சா எல்லாம் சரியா இருக்கற மாதிரியே தோணுதுப்பா" என்றார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதுவார்: 'தொட்டதா?'

அதற்கு விடை 'ஆம்' என்று எழுதினால் போதாது. எங்கே, எப்படி என்று சொல்ல வேண்டும். அவர் வகுத்த முறை இது: இயந்திரத்தின் மேல் உள்ள தகட்டு எண்ணை உரக்கப் படிக்க வேண்டும். பில்லில் உள்ள எண்ணைக் கூட வந்தவர் படிக்க வேண்டும். இரண்டும் ஒத்தால், இயந்திரத்தின் பின்கால் பக்கம், உரிமையாளர் துடைக்க நினைக்காத இடத்தில், சாக்பீஸால் ஒரு சின்ன டிக். டிக் போடும் முன்பே, காலின் உள்பக்கம் ஒரு ரூபாய் நாணயத்தால் லேசாகச் சுரண்ட வேண்டும். புது இயந்திரமானால் ஒரே நிறம் வரும். பழையதை வாங்கிப் புதுச் சாயம் அடித்திருந்தால் கீழே இன்னொரு நிறம் எட்டிப் பார்க்கும். பழைய இயந்திரத்துக்கு மானியம் கிடையாது.

இது எல்லாம் வீண் வேலை என்று முதலில் முணுமுணுத்தவன் நான்தான். கையில் கிரீஸ் படும், சட்டை போகும், சோப்புக்கு யார் காசு தருவார்கள்? ஆனால் அடுத்த ஆண்டே மறைமலை நகர்ப் பக்கம் ஒரு பட்டறையில் ஒரு லேத்தைப் பார்த்து டிக் போட்டேன். பத்து நாள் கழித்துத் திருக்கழுக்குன்றம் சாலையில் வேறொருவர் பட்டறை. அங்கே பளபளவென்று ஒரு லேத். குனிந்து பின்காலைப் பார்த்தேன். என் டிக் இருந்தது. என் டிக்கில் வால் கொஞ்சம் நீளும், அடையாளம் தெரியும்.

"இன்னா சார் பாக்கற? புத்தம் புதுசு சார். போன வாரந்தான் வந்து எறங்கிச்சி" என்றார் பட்டறைக்காரர்.

"தெரியும். நானும் போன வாரம் இதைப் பார்த்தேனே" என்றேன்.

அவரும் குனிந்து அந்த டிக்கைப் பார்த்தார். பிறகு, "டீ சாப்டுறியா சார்?" என்றார்.

தணிகாசலம் சாரிடம் சொன்னபோது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது மொத்தம் இரண்டு முறை. இது முதல் முறை.

இனி அந்த ஐஸ் ஆலைக்கு வருகிறேன்.

மானியத்தின் விதியைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. தொழில் தொடங்குபவர் முதலிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும், இவ்வளவு முதலீடு செய்வேன் என்று. உற்பத்தி தொடங்கிய நாளுக்குள் எந்த இயந்திரம் வந்து பதிந்திருக்கிறதோ அதற்குத்தான் மதிப்பு. பிறகு வந்தது கணக்கில் சேராது. சொன்னதில் முக்கால் பங்காவது அந்த நாளுக்குள் செய்திருந்தால் சொன்ன தொகையில் கால் பங்கு மானியம். முக்கால் பங்குக்குக் குறைந்தால் மொத்தமும் ரத்து. சொன்ன சொல்லை நிறைவேற்றியவருக்குத்தான் பணம் என்பது திட்டத்தின் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் எல்லாம் ஒரே ஒரு தேதியில் தொங்கியது.

விண்ணப்பித்தவர் எஸ்தர். நாற்பது வயது. அவருடைய அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். எஸ்தர் பி.காம். படித்து, இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் பதினோரு ஆண்டு கணக்கு எழுதியவர். குப்பத்துப் படகுகளுக்கு ஐஸ் தொலைவிலிருந்து வருவதையும் பாதி வழியில் கரைந்துவிடுவதையும் பார்த்து, வேலையை விட்டு, வீட்டை அடமானம் வைத்து, வங்கியில் கடன் வாங்கி ஆலை கட்டினார். எண்பது லட்சம் முதலீடு செய்வதாக எழுதிக் கொடுத்திருந்தார். செய்தது எண்பத்து மூன்று லட்சம். சொன்னதற்கு மேல்.

ஆனால் விண்ணப்பத்தில் 'உற்பத்தி தொடங்கிய நாள்' என்ற இடத்தில் அவர் எழுதியிருந்தது ஜூலை 16. அழைப்பிதழையும் இணைத்திருந்தார். திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு மேல் பத்தே காலுக்குள் தொடக்க விழா, பாஸ்டர் ஜெபம், முதல் ஐஸ் வழங்குதல். பில்களைத் தேதி வாரியாகக் கூட்டினேன். ஜூலை 16 வரை வந்தவை ஐம்பத்திரண்டு லட்சம்தான். இரண்டாவது கம்ப்ரெசர், ஜெனரேட்டர், ஐஸ் கேன்களில் பெரும்பகுதி, தூக்கும் கிரேன் எல்லாமே ஆகஸ்டில் வந்தவை. எண்பதில் முக்கால் அறுபது. ஐம்பத்திரண்டு அறுபது ஆகாது. மூன்று முறை கூட்டினேன். ஆகவில்லை.

அன்று காலை ஆலைக்குள் போய் என் முறைப்படி எல்லாவற்றையும் தொட்டேன். ஏகாம்பரம் என்ற மெக்கானிக், கம்ப்ரெசர் மாட்டியவர், கூடவே வந்து எண்களைப் படித்தார். எல்லாம் புதியவை, எல்லாம் சரி. டிக் போட்டு முடித்தேன். கடைசியில்தான் தேதியைப் பற்றிக் கேட்டேன்.

"இரண்டாவது கம்ப்ரெசர் வராமலேயே எதுக்கம்மா ஜூலையில் தொடங்கினீங்க?"

எஸ்தர் ஏகாம்பரத்தைப் பார்த்தார். ஏகாம்பரம் கூரையைப் பார்த்தார்.

"மறுநாள் ஆடி பொறக்குது சார்" என்றார் ஏகாம்பரம். "ஆடி பொறந்தா புது மெசின்ல நான் கை வெக்க மாட்டேன். எங்க வூட்லயும் ஒத்துக்க மாட்டாங்க. அதான் ஆனி கடைசி நாளே ஒரு தபா ஓட்டிடலாம்னு சொன்னேன்."

"எங்களுக்கு ஆடியும் இல்ல, ஆவணியும் இல்ல சார்" என்றார் எஸ்தர். "ஆனா இவரு இல்லாட்டி யாரு கம்ப்ரெசர் மாட்றது? சரின்னுட்டேன். பாஸ்டர் ஜெபம் பண்ணாரு, இவரு வீலுக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சாரு. ரெண்டும் நடந்துச்சி."

நான் விதியைச் சொன்னேன். ஐம்பத்திரண்டையும் அறுபதையும் சொன்னேன். எஸ்தரின் முகம் அப்படியே நின்றுவிட்டது. கணக்கு எழுதியவர் அல்லவா. இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"தொடங்கின நாள்னு கேட்டிருந்துது. பூஜை போட்ட நாளத்தானே சார் எல்லாரும் தொடங்கின நாள்னு சொல்லுவாங்க? வேற எதச் சொல்றது?"

அவர் கேட்டது நியாயம். எங்கள் ஊர்ப் பக்கம் கடையோ பட்டறையோ லாரியோ, எலுமிச்சம்பழம் நசுங்கிய நாள்தான் தொடக்கம். படிவத்தை எழுதியவர்களுக்கு அது தெரியாது. உற்பத்தி தொடங்கிய நாள் என்றால் ஆலையில் செய்த முதல் பொருள் வெளியே போன நாள் என்று விதியின் பின்னிணைப்பில் சிறு எழுத்தில் இருக்கும். ஆனால் அந்தச் சிறு எழுத்தின்படி பார்த்தாலும் ஜூலை 16 அன்று ஐஸ் கொடுத்திருக்கிறார்களே. அழைப்பிதழிலேயே இருக்கிறதே, 'முதல் ஐஸ் வழங்குதல்' என்று.

வங்கி எங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. மானியம் வரும் என்ற கணக்கில்தான் கடனே கொடுத்திருந்தார்கள். வராவிட்டால் ஆலையையும் வீட்டையும் எடுத்துக்கொள்வார்கள். நான் கோப்பை மூடினேன். எனக்கு வேறு வேலை இருக்கிறது, மதியத்துக்கு மேல் ஜீப் கிடைக்காது, நாவலூரில் இன்னொரு ஆய்வு பாக்கி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசலில் மீன் விற்கும் பெண் ஒருவர் கூடையோடு நின்றிருந்தார். எஸ்தரைப் பார்த்ததும் சத்தம் போட்டார்.

"ஏம்மே, இன்னா ஐஸு குடுக்கற? சுண்ணாம்பு மாரி வெள்ளையா கீது. மொத நாளு ஓசில குடுத்தியே, கண்ணாடி மாரி, அந்த ஐஸு எங்க போச்சி? துட்டு குடுத்தா சுண்ணாம்பா?"

"தண்ணி மாறிச்சிக்கா" என்றார் எஸ்தர், அவசரமாக.

ஜீப்பில் ஒரு காலை வைத்தவன் இறங்கிவிட்டேன். போர்த் தண்ணீர் எப்படி மாறும்? ஆலையில் இருப்பது ஒரே ஆழ்துளைக் கிணறு. பில்லை அரைமணி முன்புதான் பார்த்தேன். அடுத்து இன்னொன்று தோன்றியது. அதற்கு முன் நான் இரண்டு ஐஸ் ஆலைகளை ஆய்வு செய்திருக்கிறேன். உப்புத்தண்ணீர்த் தொட்டி குளிர்ந்து, கேனில் ஊற்றிய தண்ணீர் முழுக் கட்டியாக உறைய ஒரு பகலும் ஓர் இரவும் வேண்டும். புது ஆலையில் இன்னும் கூடுதலாக. ஒன்பதே காலுக்கு மேல் சுவிட்ச் போட்டுப் பத்தரைக்கு ஊருக்கே ஐஸ் கொடுத்தது எப்படி?

உள்ளே திரும்பிப் போய்க் கேட்டேன். ஏகாம்பரம்தான், "சொல்லிடுக்கா" என்றார்.

"வாங்கினது சார்" என்றார் எஸ்தர், தரையைப் பார்த்துக்கொண்டு. "மெஷின் பத்து நிமிஷம் ஓடிச்சி. சத்தம் கேக்கணுமேன்னு. ஐஸு அஞ்சு கட்டி, இவரு விடியறதுக்குள்ள உமி போட்டு மூடி எடுத்தாந்து கேன்ல எறக்கினாரு. நெஜமா எங்க ஐஸ் வித்தது ஆகஸ்டு இருபத்தேழாம் தேதி."

அந்தத் தேதிக்குள் எண்பத்து மூன்று லட்சமும் வந்துவிட்டது. நான் மனத்துக்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டேன்.

"இதை எழுதிக் குடுங்க. தேதி மாறிடும்" என்றேன்.

"முடியாது சார்."

"இருபது லட்சம் அம்மா."

"சார், அந்த ஐஸ் மேல பாஸ்டர் கை வெச்சி ஜெபம் பண்ணாரு. ஊர்ல பாதிப் பேரு அந்தத் தண்ணிய பாட்டில்ல புடிச்சி வூட்ல வெச்சிகினு கீறாங்க, நோவு வந்தா தடவலாம்னு. இப்பப் போயி அது கடையில வாங்கின ஐஸுன்னு எழுதினா, என்ன இன்னா சொல்வாங்க? நாத்து நட்டவன் பொண்ணு ஃபேக்டரி கட்டிச்சாம், மொத நாளே ஏமாத்திச்சாம்னு சொல்வாங்க. வூடு போனாலும் போவட்டும் சார்."

நான் சிரிக்கவில்லை. கோப்பை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.

மறுநாள் தணிகாசலம் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். ஜன்னல் ஓரம் நின்று அழைப்பிதழை வெகுநேரம் படித்தார், ஏதோ இலக்கியம் படிப்பது போல.

"மின்கட்டண ரீடிங்?"

"இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங் சார். கட்டட வேலைக்கு ஓடினதும் அதிலேயே இருக்கு. பிரிக்க முடியாது."

"விற்பனைப் புத்தகம்?"

"அவங்களே எழுதினது. நம்ம தணிக்கைக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க."

"அந்தம்மா எழுதிக் குடுத்தாலும் ஒத்துக்க மாட்டாங்க. மானியத்துக்காகக் கதை சொல்றாங்கன்னு எழுதுவாங்க." கோப்பை என்னிடம் நீட்டினார். "மெஷினை எல்லாம் தொட்டீங்க. ஐஸ் வித்தவரைத் தொட்டீங்களா?"

ஏகாம்பரத்திடம் கேட்டேன். ஐஸ் விற்றவர் முட்டுக்காட்டுக்கு இந்தப் பக்கம் பழைய ஆலை வைத்திருந்தவர். எல்லோரும் அவரை ஐஸ் நைனா என்பார்கள். சொந்தப் பெயர் பெயர்ப்பலகையில் மட்டும் இருந்தது. எழுபது வயது, பனியன், தோளில் துண்டு. அந்தக் கடற்கரையில் நாற்பது ஆண்டு ஐஸ் விற்றவர். எஸ்தரின் ஆலை வந்ததும் அவருடைய படகு வாடிக்கையில் பாதி போய்விட்டது. இவரிடம் போய் எஸ்தருக்காகச் சாட்சி கேட்க வேண்டும். போகும் வழியில் இரண்டு இடத்தில் ஜீப்பை நிறுத்தி டீ குடித்தேன். இரண்டு டீயும் சரியில்லை.

"இன்னா சார், கவுருமெண்டா? டாக்ஸா?"

"டாக்ஸ் இல்லை நைனா. ஒரு சாட்சி வேணும்."

"சாட்சியா? நான் எவனையும் அடிக்கலியே இந்த மாசம்."

உட்கார ஸ்டூல் கொடுத்தார். ஜூலை 15 இரவு ஏகாம்பரத்துக்கு ஐந்து கட்டி விற்றாரா என்று கேட்டேன். அவ்வளவுதான். துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"வித்தேனா? கல்யாணத்துக்குன்னான் சார் அந்தக் கய்தே! கல்யாண வூடாச்சேன்னு அம்பது ரூபா டப்பு கொறைச்சிக்கூடக் குட்த்தேன். ரெண்டு நா கழிச்சிப் பாத்தா பீச்சு பூரா சொல்லிகினு கீறான், எஸ்தரு ஐஸு கண்ணாடி மாரி கீதாம். எவன் ஐஸுடா அது? எங்கப்பாரு தோண்டுன கெணத்துத் தண்ணிடா அது! நாப்பது வருசமா நான் போடறேன், ஒருத்தன் கண்ணாடின்னு சொல்லல சார். அவ கையில குட்த்ததும் கண்ணாடியாயிடுச்சி!"

"அதைத்தான் எழுதிக் கேக்கறேன்."

"எழுதினா இன்னா?"

மறைக்க எனக்கு வழி தெரியவில்லை. உண்மையைச் சொன்னேன். எழுதினால் எஸ்தருக்கு மானியம் வரும். எழுதாவிட்டால் வராது, வங்கி ஆலையை எடுத்துக்கொள்ளும்.

நைனா உட்கார்ந்தார். உள்ளே கேனிலிருந்து கட்டி வழுக்கி விழும் சத்தம் இரண்டு முறை கேட்டது.

"அப்ப நான் சும்மா கீந்தாலே அவ கடை மூடிடும். பழைய கிராக்கி எல்லாம் எங்கிட்ட வந்துடும்."

"ஆமாம்."

"உன்ன யாரு சார் இங்க அனுப்புச்சது? வெவரம் இல்லாதவனா கீறியே" என்றார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கடை மூடிப் போச்சின்னா அந்த ஐஸு அவ ஐஸாவே நின்னுபூடும் சார். பாவம், நல்ல ஐஸ் போட்டுச்சி அந்தப் பொண்ணு, நொடிச்சிப் போச்சின்னுதான் பேசுவானுங்க. நான் செத்தப்புறமும் அதான் பேசுவானுங்க. குடு பேப்பரு."

"முத்திரைத்தாள் வாங்கி வரேன் நைனா, நாளைக்கு..."

"முத்திரையா? அதெல்லாம் போலீசு கேசு. வெள்ளப் பேப்பர்னா இப்ப குடு. நாளைக்குன்னா என் புள்ள வந்துடுவான், வோணான்னு சொல்லிடுவான்."

வெள்ளைத்தாள் கொடுத்தேன். அவர் கையாலேயே எழுதினார். ஒவ்வொரு எழுத்தும் புளியங்கொட்டை அளவு. 'அந்த ஐஸ் எங்கள் கம்பெனி ஐஸ்' என்ற வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். சாட்சிக் கையெழுத்துக்கு ஆளைத் தேடினேன். உள்ளே வேலை செய்தவர்கள் இருவரும், முதலாளி விவகாரம், எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். சாட்சி இல்லாமலேயே தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திரும்பும் வழியில் எஸ்தரிடம் போனேன். அவரிடம் கேட்காமல் நைனாவின் தாளைக் கோப்பில் சேர்க்க எனக்கு மனமில்லை. தாளை நீட்டினேன். படித்தார். இரண்டு கோடு போட்ட இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"அவரா எழுதிக் குடுத்தாரு?"

"அவரேதான்."

"அவருக்கு இன்னா சார் லாபம்?"

"ஐஸ் அவருதுன்னு ஊருக்குத் தெரியணுமாம்."

எஸ்தர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று மாலையே பாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாராம். பாஸ்டர், "நான் ஐஸுக்கா ஜெபம் பண்ணேன்? உனக்குத்தானேம்மா பண்ணேன்" என்றாராம். மறுநாள் எஸ்தர் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறி வந்து, தம் கையால் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். 'முதல் நாள் கொடுத்த ஐஸ் எங்கள் ஆலையில் செய்தது அல்ல' என்று எழுதும்போது மட்டும் பேனா நின்று நின்று போனது.

தணிகாசலம் சார் இரண்டு தாளையும் ஜன்னல் ஓரம் நின்று படித்தார். நைனாவின் இரண்டு கோட்டைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார். இரண்டாவது முறை இதுதான். 'ஆகஸ்டு 27' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மானியம் அடுத்த ஜனவரியில் வங்கிக் கடன் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

ஊரில் விஷயம் பரவாமல் இல்லை. நைனாவே கடற்கரை முழுக்கச் சொன்னார். ஒரு மாதம் மீன்காரப் பெண்கள் எஸ்தரை, "இன்னாம்மே, கல்யாண ஐஸு கீதா?" என்று கேட்டே வாங்கினார்கள். யாரும் பாட்டிலைக் கொட்டியதாகத் தெரியவில்லை. இப்போது அந்தப் பக்கம் ஆட்டோக்காரரிடம் 'கல்யாண ஐஸ் கம்பெனி' என்றால்தான் கொண்டுபோய் விடுவார். எஸ்தர் முதலில் கோபப்பட்டார்; பிறகு பெயர்ப்பலகையிலேயே எழுதிவிட்டார். தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒரு கருவி வாங்கிப் போட்டிருக்கிறார். ஐஸ் இப்போது கண்ணாடி மாதிரிதான் இருக்கிறது. நைனா அதை ஒத்துக்கொள்வதில்லை.

என் பணி ஓய்வு 2022 ஜூன் மாதக் கடைசி நாள். அதற்கு மூன்று மாதம் முன்பு தணிக்கை ஆட்சேபம் வந்தது. அழைப்பிதழில் ஜூலை 16 என்று அச்சிட்டிருக்கும்போது, சாட்சிக் கையெழுத்தில்லாத ஒரு வெள்ளைத்தாளை நம்பித் தேதியை மாற்றி இருபது லட்சம் கொடுத்தது ஏன்? எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. பணிக்கொடை நிறுத்திவைப்பு. விசாரணை சென்னையில், ஒன்பது முறை. தணிகாசலம் சார் 2019லேயே ஓய்வு பெற்றிருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. இரண்டாவது விசாரணைக்குத் தாமாகவே வந்து, நாற்காலி கொடுத்தும் உட்காராமல், "ஒப்பளித்தது நான்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். நைனாவும் ஒரு நாள் வந்தார், புதுச் சட்டை போட்டுக்கொண்டு. விசாரணை அதிகாரி, "இது நீங்க எழுதினதா?" என்று தாளைக் காட்டினார். "ரெண்டு கோடு கீதா பாரு. கீதுன்னா நாந்தான்" என்றார்.

மானியம் சரியாகத்தான் கொடுக்கப்பட்டது என்று 2024இல் முடிவானது. எஸ்தரிடமிருந்து ஒரு ரூபாயும் திரும்பக் கேட்கவில்லை. எனக்கு மட்டும், சாட்சியில்லாத வெள்ளைத்தாளில் வாக்குமூலம் வாங்கிய நடைமுறைக் குறைக்காக, ஓய்வூதியத்தில் ஒரு சிறு பிடித்தம் என்று ஆணை வந்தது. பணிக்கொடை முழுவதும் வந்துவிட்டது, வட்டியில்லாமல். அந்த வட்டியை நான் நட்டத்தில் சேர்க்கவில்லை. பணம் உரிய காலத்தில் வந்திருந்தால் மருமகன் கேட்டு வாங்கியிருப்பான்.

அலுவலகத்தில் இளையவர்களிடம் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்: அவர் ஐஸ் கம்பெனிக்குச் சாட்சி தேடிப் போனார், ஐந்து லட்சம் போச்சு, அதனால் நீங்கள் யாரும் வெளியே போகாதீர்கள், அனுப்புகிற படத்தைப் பார்த்தால் போதும் என்று. போன மாதம் அந்தப் பெண்தான் மெதுவாகக் கேட்டார், "அஞ்சு லட்சமாமே சார்?" என்று. அப்படிச் சொல்பவர்கள் கணக்குத் தெரியாதவர்கள். ஓய்வூதியப் பிடித்தம் மாதம் ஐந்நூறு வீதம் இருபத்து நான்கு மாதம், பன்னிரண்டாயிரம். வக்கீலிடம் ஒரே ஒரு முறை யோசனை கேட்டேன், மூவாயிரம். அவர் சொன்னது எனக்கே தெரிந்ததுதான். சென்னைக்கு ரயில், பஸ், ஷேர் ஆட்டோ, போய்வர நூற்று நாற்பது வீதம் ஒன்பது முறைக்கு ஆயிரத்து இருநூற்று அறுபது. மதியச் சாப்பாடு தொண்ணூறு வீதம் எண்ணூற்றுப் பத்து. அதில் இரண்டு நாள் சாம்பார் ஊசியிருந்தது, ஆனாலும் காசு கொடுத்தேன். நகல் எடுத்தது நானூற்று அறுபத்தெட்டு. பதிவுத் தபால் இருநூற்று ஐம்பத்திரண்டு. ஐந்தாவது விசாரணையன்று ரயிலில் விட்டுவிட்டு வந்த குடை இருநூற்று எண்பது. ஆக மொத்தம் பதினெட்டாயிரத்து எழுபது ரூபாய்.